இடது பக்கத் துரு

பட்டறையில் வண்டியை விட்டால் தினமும் போய் நிற்க வேண்டும் என்றோ, போகவே கூடாது என்றோ பெரியப்பா ஒன்று சொல்வார். எது என்று வேன் டிரைவரின் மகனுக்குச் சரியாக ஞாபகம் இல்லை. ஆனாலும் சனிக்கிழமை காலையில் கிளம்பிவிட்டான்.

அப்பா ஓட்டுவது பள்ளிக்கூட வேன். பழைய வண்டி. படிக்கட்டுக்குக் கீழே துருப்பிடித்துத் தகடு உதிர ஆரம்பித்திருந்தது. லீவு விட்டதும் டிங்கர் வேலைக்கு விட்டார்கள். லீவே முடிந்துவிட்டது, திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. வண்டி வரவில்லை.

கேட்கும்போதெல்லாம் டிங்கர் புதிதாக ஓர் ஓட்டையைச் சொன்னார். ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்றாம். சக்கரத்துக்கு மேலே, கதவுக்கு அடியிலே என்று துரு அவர் வாயிலேயே வளர்ந்துகொண்டிருந்தது.

அப்பா அவரைத் திட்டாத நாள் இல்லை. வாசலில் யார் வந்து நின்றாலும் ஆரம்பித்துவிடுவார். ஏமாற்றுக்காரன், பேச்சில் நாணயம் கிடையாது, அவனிடம் ஒரு சைக்கிளைக்கூட நம்பி விடாதீர்கள். அதைக் கேட்டுத் தெருவில் இரண்டு பேர் தங்கள் வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிள்ளைகளைப் பெற்றவர்களோ, திங்கட்கிழமை வேன் வராவிட்டால் வேறு ஏற்பாடு செய்துகொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். எந்தப் பிள்ளைக்கு ஜன்னலோரம் வேண்டும், எது தூங்கி விழும் என்றெல்லாம் அப்பாவுக்கு மனப்பாடம். அந்தப் பிள்ளைகள் போய்விட்டால் மனுஷன் உடைந்துபோவார்.

பட்டறையில் வேறு வண்டியே இல்லை. டிங்கர் யார் வீட்டு இரும்புக் கதவையோ தரையில் கிடத்தி, உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. டீ சொல்லட்டுமா?"

டீ குடிக்க வரவில்லை என்றான். நேராக மூலைக்குப் போய், வேனை மூடியிருந்த தார்ப்பாயை இழுத்தான்.

வண்டி பளபளவென்று நின்றது. வெல்டு வைத்த தடம் தெரியாமல் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, அதுவும் காய்ந்து, கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே ஒரு சிலந்தி குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தது.

"முடிச்சு எவ்வளவு நாளாச்சு?"

"அது ஆச்சு, கொஞ்ச நாள்."

"முடிச்ச வண்டியை மூடி வச்சுக்கிட்டு ஓட்டை ஓட்டைன்னு கதை விட்டுட்டிருக்கீங்க. எங்கப்பா திட்டுறதுல என்ன தப்பு?"

டிங்கர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். வெட்டியெடுத்த பழைய தகடுகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து அவன் கையில் கொடுத்தார். படிக்கட்டுத் தகடு. பின்சக்கரத்து வளைவு. முன்பக்க மட்கார்டு.

"எல்லாம் எந்தப் பக்கம், சொல்லுங்க."

எல்லாமே இடது பக்கம். வண்டியின் வலது பக்கத்தில் பழைய பெயிண்ட்கூடப் பெயரவில்லை.

மழை இரண்டு பக்கமும்தான் பெய்கிறது என்றார் டிங்கர். எங்கேயாவது உரசிப் பெயிண்ட் போனால்தான் அங்கே தண்ணீர் இறங்கும், துருப் பிடிக்கும். இந்தத் தகடு நெடுக உரசல். தூண், சுவர், மரம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அப்பாவிடமே கேட்டாராம். சுவரை ரோட்டுக்கு இழுத்துக் கட்டிவிட்டார்கள் என்று முதலில் சண்டைக்கு வந்தாராம் அப்பா.

"அப்புறம் அந்த டயர் மேல உட்கார்ந்துட்டாரு. அப்பதான் உண்மையைச் சொன்னாரு. இடது கண்ணு அவருக்குத் தெரியலை தம்பி. டாக்டர்கிட்டயும் காட்டிட்டாராம். இனிமே வராதுன்னுட்டாங்களாம்."

அவன் கையிலிருந்த தகட்டைக் கீழே வைத்தான்.

வேனைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான். அதற்காகத்தான் வண்டியைக் கொடுக்காமல் வைத்திருக்கிறீர்களா? எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, நீங்களாக இப்படி முடிவு பண்ணலாமா?

"முடிவு பண்ண நான் யாரு தம்பி? வேலையை முடிச்சதாச் சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டதே உங்கப்பாதான். 'வீட்ல சொல்ல வாய் வரலை, வர்ற வரைக்கும் இழுத்துட்டுப் போ. நாலு பேர் முன்னால உன்னைத் திட்டுவேன், மனசுல வச்சுக்காதே'ன்னாரு. சரி, திட்டிக்குங்கன்னேன்." லேசாகச் சிரித்தார். "இவ்வளவு நல்லாத் திட்டுவாருன்னு அப்ப தெரியாது."

அவன் காலியாகக் கிடந்த பட்டறையைச் சுற்றிப் பார்த்தான். "உங்க பிழைப்பு போச்சேண்ணே."

"கதவுக்கும்தான் துருப் பிடிக்குது" என்று உப்புத்தாளை எடுத்துக்கொண்டார் டிங்கர். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

வீட்டு வாசலில் அப்பாவோடு எதிர்வீட்டுக்காரர் நின்றிருந்தார். அவர் மகளும் அந்த வேனில்தான் போகிறாள். நாளைக்கு நாலு பேராகப் போய்ப் பட்டறை வாசலில் உட்கார்ந்து, அந்த ஆள் இனி இந்தப் பக்கம் தொழிலே பண்ண முடியாதபடி செய்துவிட வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார். அப்பா அதற்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னடா சொல்றான் அந்தத் திருட்டுப் பய?"

அவன் குனிந்து செருப்பைக் கழற்றினான்.

"திருடன்னு சொல்லாதீங்கப்பா."

அப்பா முகத்தை முழுசாகத் திருப்பி, வலது கண்ணால் அவனையே பார்த்தார். எதிர்வீட்டுக்காரர் ஏன், என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்பா அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். வேன் வேலை என்றைக்கோ முடிந்துவிட்டது, டிங்கர் மேல் ஒரு தப்பும் இல்லை, தனக்கு இடது கண் தெரியாது, திங்கட்கிழமையிலிருந்து மகளை வேறு வேனில் அனுப்பிவிடுங்கள் என்று சொன்னார்.