கை போன பக்கம்

“வீடு வேணுமா, தொட்டில் வேணுமா? நீயே சொல்லு.”

படகுத்துறையின் பலகைப் பாலத்தில் நின்றுகொண்டு அவர் கேட்டார். ஒரு பக்கம் பெரிய வெள்ளைப் பாய்மரப் படகு, புத்தம் புதுசு. எதிரே வார்னிஷ் மின்னும் சின்ன மரப் படகு. அவருடைய வயதாவது இருக்கும் அதற்கு. பெரியதுக்கு அவர் வைத்த பெயர் வீடு, சின்னதுக்குத் தொட்டில். இரண்டும் விற்பனைக்கு வந்தவை. இரண்டுக்கும் தரகர் ஒருவரே.

“தொட்டில்” என்றாள் மனைவி.

ஒரு வாரமாக இதே பதில்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் படகு வாங்கி, கரையோரமாகவே ஊர் ஊராக அவளோடு சுற்றிவர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அவள் வருகிறேன் என்றாள், ஆனால் சின்னப் படகில்தான். இல்லாவிட்டால் நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். துணி மடித்தபடியே அதைச் சொன்னதுதான் அவரை உறுத்தியது. கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானப்படுத்தியிருக்கலாம்.

பெரிய படகை அவரே அவளுக்கு மூலைமுடுக்கு விடாமல் சுற்றிக் காட்டினார். இரண்டு அறை, மெத்தை, குளிர்சாதனப் பெட்டியோடு சமையலறை, கதவு சாத்திக்கொள்ளும் கழிப்பறை. பட்டனைத் தட்டினால் பாய் தானே ஏறும். காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று திரை சொல்லும். காற்றே இல்லையென்றால் இன்ஜின். சின்னதில் காலை மடக்கித்தான் படுக்க முடியும். கழிப்பறை என்பது ஒரு வாளி.

“அதுல என்னம்மா இருக்கு? தொட்டதெல்லாம் கயிறு.”

“அதான்” என்றாள்.

தரகர் நியாயமானவர். பெரியதில் கடல் பொங்கினாலும் சட்டை நனையாது, சின்னதில் நனையாமல் கரை சேர முடியாது என்றார். ஆனால் லேசான காற்றுக்கே சின்னது கிளம்பிவிடுமாம். ஓட்டுபவர் பின்னால் உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாக் கயிறும் எட்டும். கூட வருபவர் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் உட்கார வேண்டியதுதான்.

கணவர் தன் கடைசிச் சீட்டை இறக்கினார்.

“சரி, சின்னதையே வாங்கறோம்னு வெச்சுக்கோ. ஓட்டறது யாரு? நான் கத்துக்கிட்டது சக்கரம் வெச்ச படகு. கார் மாதிரி. இதுல சக்கரமே கிடையாது, சுக்கானிலிருந்து ஒரு கட்டை நீட்டிக்கிட்டு நிக்குது. வலது பக்கம் போகணும்னா கட்டையை இடது பக்கம் தள்ளணும். எல்லாம் தலைகீழ். அது கைக்குப் பழகவே வருஷக்கணக்காகும். நம்ம வீட்ல அதுக்கு ஆள் இல்லம்மா.”

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயித்துவிட்டோம் என்று தோன்றியது. கூடவே கொஞ்சம் இரக்கமும் வந்தது. பாவம், அவளுக்கு எதுவுமே கை கூடியதில்லை. கார் ஓட்டப் பழகினாள். அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு திருப்பத்திலும் எடுத்துச் சொன்னார். மூன்றாம் நாளே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நீச்சலும் அப்படித்தான், கம்ப்யூட்டரும் அப்படித்தான். இந்த இரண்டு வருடமாக அவள் விடாமல் செய்வது ஒன்றே ஒன்று: சனிக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போய்வருவது. அக்காவுக்கு மாடித்தோட்டம் உண்டு. வெயிலில் கறுத்து, உள்ளங்கை காய்த்து, ஆனால் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரும்பி வருவாள். மண்ணைக் கொத்துவதில் இவ்வளவு சந்தோஷமா என்று அவருக்கு ஆச்சரியம்.

ஓட்டிப் பார்ப்பதற்காக மூவரும் பெரிய படகில் ஏறினார்கள். பாய் ஏறியது, இன்ஜின் அடங்கியது, கரை விலகியது. அவர் சக்கரத்தைப் பிடித்து நன்றாகவே ஓட்டினார். பிறகு பெருந்தன்மையோடு விலகிக்கொண்டார்.

“நீயும் பிடிச்சுப் பாரு. அப்புறம் கொடுக்கலைன்னு சொல்லக் கூடாது.”

அவள் பிடித்தாள். எதிரே இத்தனை பெரிய திரை இருக்க, அவள் பார்வை பாயின் மேலேயே இருந்தது. பராக்குப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். நினைத்து முடிப்பதற்குள் முன்னால் சற்று இடது பக்கமாக ஒரு சிவப்பு மிதவை தலையைக் காட்டியது.

“வலது பக்கம் போ, வலது!”

அவள் துளியும் தயங்கவில்லை. சக்கரத்தைச் சடாரென்று இடது பக்கம் திருப்பினாள். படகு நேராக மிதவையை நோக்கிப் பாய்ந்தது. தரகர் எழுந்து வருவதற்குள் அவளே மறுபக்கம் சுழற்றிவிட்டாள். மிதவை படகின் விலாவை உரசிக்கொண்டு பின்னால் போனது.

கணவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“வலது எது, இடது எதுன்னே தெரியல. இவங்களுக்குத் தொட்டில் வேணுமாம்.”

துணைக்குச் சிரிக்க ஆள் தேடித் தரகரைப் பார்த்தார். தரகர் சிரிக்கவில்லை. அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல சார். புதுசா பிடிக்கறவங்க வலதுன்னா வலது பக்கம்தான் திருப்புவாங்க. கட்டை பிடிச்சு ஊறின கைதான் யோசிக்காம எதிர்ப்பக்கம் போகும்” என்றவர், அவள் பக்கம் திரும்பினார். “எவ்வளவு நாளா மேடம்?”

“ரெண்டு வருஷமா. அக்கா வீட்டுக்குப் பின்னால ஏரி இருக்கு, அதுல கட்டை வெச்ச சின்னப் படகும்.”

அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது. “காரை மூணே நாள்ல விட்டவதானே நீ?”

“அப்ப பக்கத்துல உட்கார்ந்து நீங்க சொல்லிக் கொடுத்தீங்க” என்றாள் அவள், படகைக் கரைப் பக்கம் திருப்பியபடி. “தொட்டில்ல உங்க இடம் முன்னாலதான், எனக்கு முதுகு காட்டிக்கிட்டு.”