பனியாற்றுக்குக் கல்லுப்பு

சுந்தரமூர்த்தி மொபெட்டின் பின்னாலிருந்த சாக்கை விலக்கியதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐஸ் பாளம் கண்ணாடி மாதிரி இருந்தது. உள்ளே ஒரு கல் இல்லை.

முந்தைய நாள் ஓர் எண்ணெய் டின்னில் ஜல்லியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அப்படியே உறைய வையுங்கள் என்று அவருடைய ஐஸ் கம்பெனியில் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். ஒன்பதாம் வகுப்புக்குப் பனியாறு நடத்த வேண்டும். பனியாறு கற்களைக் கவ்விக்கொண்டு நகர்வதால்தான் அடியிலிருக்கும் பாறையைச் சுரண்டுகிறது. வெறும் ஐஸ் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

"தண்ணில ஒரே கல்லா கெடந்துச்சு டீச்சர். புள்ளைங்க தொடுற ஐஸாச்சேன்னு எல்லாத்தையும் பொறுக்கிப் போட்டுட்டு, டின்னைக் கழுவி, கேன் தண்ணி ஊத்தி வெச்சேன்."

சொல்லிவிட்டுப் பாராட்டுக்காகக் காத்து நின்றார். இந்த மனிதரை எப்படித் திட்டுவது?

மணி பத்து. பதினொன்றுக்குக் கல்வி அதிகாரி பூங்குழலி வருகிறார். பிள்ளைகளை மரக்காணம் கடற்கரைக்கு அழைத்துப்போக அனுமதி கேட்ட கடிதம் இரண்டு மாதமாக அவர் மேஜையில் தூங்குகிறது. பாடத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டார். பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் கடல். ஆனாலும் என் வகுப்பில் பாதிப் பேர் அதைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்கள். கடிதத்தில் துணைக்குச் செல்பவர் என்ற இடத்தில் பி.டி. மாஸ்டர் தங்கராஜின் பெயரை நான்தான் எழுதியிருந்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் சுந்தரமூர்த்தி தலையைச் சொறிந்தார். ஐஸ் கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் இருபது வருஷம் பெட்டி தூக்கிக் குச்சி ஐஸ் விற்றவர்.

"கல்லுப்பு கெடைக்குமா டீச்சர்? உப்பு போட்டா ஐஸு லேசா உருகி, மறுபடி ஒறஞ்சு கல்லைக் கவ்விக்கும்."

சத்துணவுக் கூடத்துக்கு ஓடினேன். சின்னப்பொண்ணு அக்கா இரண்டு கை அள்ளிப் போட்டார், இன்றைக்குச் சாம்பாரில் உப்பு இல்லையென்றால் தன்னைக் கேட்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

வராந்தாவில் ஜல்லியைப் பரப்பி, உப்பைத் தூவி, அதன்மேல் ஐஸை வைத்து, சாக்கைப் போட்டு மூடி, அதற்கும் மேலே சுந்தரமூர்த்தி ஏறி உட்கார்ந்துகொண்டார். கால் மணி நேரம் அசையவில்லை. எழுந்தபோது லுங்கி பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. பாளத்தைப் புரட்டினோம். அடியில் வரிசை தப்பிப் பல் முளைத்ததுபோல் ஜல்லிகள்!

எனக்கு அவரைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

பூங்குழலி மேடம் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். களிமண் பூசிய பலகையின்மேல் பிள்ளைகள் ஐஸைக் கயிறு கட்டி இழுத்தார்கள். நெற்றியில் விபூதி பூசியதுபோல் களிமண்ணில் பட்டைபட்டையாகக் கோடுகள் விழுந்தன. பலகையின் முனையில் ஐஸ் உருக உருக ஜல்லிகள் உதிர்ந்து ஒரு குவியலாயின. "மொரைன்!" என்று, பனியாறு விட்டுப்போகும் கற்குவியலின் பெயரை வகுப்பே கத்தியது. உருகிய தண்ணீர் மேடத்தின் செருப்பை நனைத்தது. அவர் காலைத் தூக்கிக்கொண்டு சிரித்தார்.

அடுத்தது கடல். பெரிய தாம்பாளத்தில் பாதி தண்ணீர், மறுபாதியில் ஈர மணல் மேடு. மேட்டின் உச்சியில் செஞ்சிக் கோட்டை என்று எழுதிய காகிதக் கொடி. பரீட்சை அட்டையால் தண்ணீரைத் தள்ளத் தள்ள, அலை மேட்டின் காலை அரித்துக் குடைந்தது. மேல் பகுதி கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு கொடியோடு சரிந்தது. எத்தனையோ படைகளைக் காக்க வைத்த எங்கள் கோட்டை, ஒரு பரீட்சை அட்டைக்குப் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. விசில் பறந்தது.

மேடம் கைதட்டிக்கொண்டே எழுந்தார். கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார்.

"சரி, இங்க யாரெல்லாம் கடலைப் பாத்ததே இல்ல? கை தூக்குங்க பாக்கலாம்."

கைகள் எழுந்தன. அவர் பார்வை கடைசி பெஞ்சிலிருந்து ஒவ்வொரு கையாகத் தாண்டி முன்னால் வந்து, கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது.

என் கையும் மேலே இருந்தது.

எனக்கு ஜாதகத்தில் தண்ணீர் கண்டம். கடல் என்ன, ஏரிக்கரைப் பக்கமே நைனா விட்டதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அந்த ஜாதகத்தை மாமியார் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டார். பதினோரு வருடமாகக் கரும்பலகையில் அலை வரைந்துகொண்டிருக்கிறேன்.

வகுப்பு மொத்தமும் என் கையை அண்ணாந்து பார்த்தது. அப்புறம் சிரிப்பு. வாசலில் ஈர லுங்கியோடு நின்ற சுந்தரமூர்த்தியும் சிரித்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மேடம் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு தங்கராஜின் பெயருக்கு மேலே பேனாவை வைத்துக்கொண்டு என் பெயரைக் கேட்டார்.

கலைவாணி என்றேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு பஸ். நைனாவிடமும் மாமியாரிடமும் ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.