மஞ்சள் எண்

"பத்தொம்போது வயசாவுது, இன்னும் இன்னா சைக்கிள் பைத்தியம்?" என்றார் சூப்பர்வைசர் மணிகண்டபிரபு. லைனில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

ஜாஸ்மின் கையிலிருந்த வயர்க் கட்டைக் கீழே வைக்கவில்லை. "நாளைக்கு ஒரு நாள்தான் சார் லீவு. காலையில ரேஸ்."

"அந்த ரேஸுக்குத் தண்ணி பாட்டில் குடுக்கறதே நம்ம கம்பெனிதான். நீ பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டு, போதும். நாளைக்கு ஓ.டி. வர்லன்னா திங்கக்கிழமை கேட்டாண்ட வந்து நிக்காத. உன்ன உள்ள எடுத்தவனும் நான், கார்டு எழுதிக் குடுத்தவனும் நான். கிழிச்சிப் போட எவ்ளோ நேரம் ஆவும்?"

வேலை போனால் சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பிடித்துக் கொடுத்த அறையும் போகும். ரேஸில் முதலாவது வந்தால் பயிற்சியோடு விளையாட்டு விடுதியில் இடம். இரண்டாவது வந்தால் பதக்கம் மட்டும். பதக்கத்தில் படுத்துத் தூங்க முடியாது.

அவர் நகர்ந்ததும் பக்கத்தில் இருந்த கங்கா கிசுகிசுத்தாள். "லூசாடி நீ? உன் சைக்கிள்ல கியர் கூட இல்ல."

"கால் கீதுல்லக்கா."

ஞாயிறு காலை. ஒரகடம் ஆறுவழிச் சாலையின் ஒரு பக்கத்தை அடைத்திருந்தார்கள். பதிவு மேசையில் ஜாஸ்மின் கம்பெனி கார்டைக் காட்டவில்லை. பையில் மடித்து வைத்திருந்த பள்ளிச் சான்றிதழை எடுத்து நீட்டினாள்.

மேசையில் இருந்த பெண் அதைப் படித்துவிட்டு, மஞ்சள் எண் துணி ஒன்றைக் கொடுத்தாள். வெள்ளை எண்ணுக்கு நாற்பது கிலோமீட்டர். மஞ்சளுக்குப் பதினைந்து.

இரவல் ஹெல்மெட் தலையில் நிற்காமல் ஆடியது. உள்ளே கைக்குட்டையை மடித்துத் திணித்துக்கொண்டாள்.

விசில் ஊதியதும் கியர் சைக்கிள்கள் பிய்த்துக்கொண்டு போயின. அவள் சைக்கிளின் கேரியரைப் பார்த்து ஒருத்தி சிரித்தாள். "பால் ஊத்தவா போற?"

ஷிஃப்ட் பஸ்ஸைத் தவறவிட்ட நாட்களில் கன்டெய்னர் லாரிகளின் பின்னால் ஒட்டிக்கொண்டு மிதித்தவள் ஜாஸ்மின். முன்னால் போகிற முதுகு காற்றை வாங்கிக்கொள்ளும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சிரித்தவளின் பின்சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டாள். பதினான்கு கிலோமீட்டர் அந்தப் பெண் காற்றோடு மல்லுக்கட்டினாள். கடைசி இருநூறு மீட்டரில் ஜாஸ்மின் பக்கவாட்டில் வெளியே வந்து, எழுந்து நின்று மிதித்தாள்.

கோட்டைத் தாண்டியபோது அவளுக்கு முன்னால் ஒரு மஞ்சள் துணியும் இல்லை.

கம்பெனி பேனரைக் கட்ட வந்த மணிகண்டபிரபு மேடையில் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது. கூட்டம் கைதட்டியதும் வெளுத்தது. அறிவிப்பாளர் வாயைத் திறப்பதற்குள் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"இது நம்ம கம்பெனிப் பொண்ணுங்க! ஒரு வருஷமா என் லைன்ல கீது. நைட் ஷிஃப்ட்டுக்கு ஒரு நாள் கூட லேட்டா வந்தது கிடையாது. லீவு கேட்டுச்சு, தாராளமா போய் ஜெயிச்சிட்டு வாம்மான்னு நான்தான் அனுப்பி வெச்சேன்!"

சிறப்பு விருந்தினராக வந்திருந்தவர் தொழிலாளர் துறை அதிகாரி கோதண்டம். பதக்கத்தை எடுத்த அவர் கை, 'நைட் ஷிஃப்ட்' என்றதும் அப்படியே நின்றது. அவள் சட்டையில் குத்தியிருந்த மஞ்சள் எண்ணை ஒருமுறை பார்த்தார்.

"உனக்கு என்ன வயசும்மா?"

"பத்தொம்போது சார்," என்று மணிகண்டபிரபு முந்திக்கொண்டார். "கார்டு கீது." பிறகு மைக்கைக் கையால் பொத்தி அவள் காதருகே குனிந்தார். "ஆமான்னு சொல்லு. திங்கக்கிழமை வேலைக்கு வந்துடு. லைன்ல லீடர் ஆக்கிடறேன்."

ஜாஸ்மின் அவர் விரல்களை விலக்கி, மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"போன மாசந்தான் சார் பதினஞ்சு முடிஞ்சிது."