வில்லனுக்கு மாலையா?

தனுஷ்கோடி ரயிலில் வந்த காதல் நாவலைப் படித்து முடித்ததும் மிக்கேலம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கதாநாயகியோட அய்யா வலைய அறுத்த படுபாவி! கடைசிப் பக்கத்துல ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டானாம், இவ மாலையப் போட்டுட்டாளாம். வெக்கங்கெட்டவ!"

"திருந்துனவனுக்குக் கல்யாணம் ஆகக்கூடாதா?" என்றான், வலை பின்னிக்கொண்டிருந்த கணவன் சந்தியாகு.

"அழுதா ஆச்சா? கோயில்ல சாமியார் கல்யாண ஓலை வாசிச்சு, 'யாருக்கும் தடை உண்டா'ன்னு கேக்கயிலயே எந்திரிச்சு, 'அறுத்த வலையப் பின்னிக் குடுத்துட்டுத் தாலி கட்டட்டும்'னு சொல்லியிருக்க வேணாமா? அன்னைக்கு நான் சொல்லல?"

சந்தியாகு பெருமூச்சு விட்டான்.

"சொன்ன. உங்க அய்யா வலைய நான் அறுத்தது ஒரே தடவதான். இன்னைக்கு வரைக்கும் பின்னிக்கிட்டே இருக்கேன்."

"அந்த மூலையில ஓட்டை தெரியுது. நெருக்கிப் பின்னுங்க!"