விட்டுப்போன எட்டு

“ஏம்மா, மீட்டரைப் போட்டோ எடுக்கிறியே, அதைக் கொஞ்சம் சிரிக்கச் சொன்னியா?”

மாமனார் கதவில் சாய்ந்தபடி கேட்டார். மருமகள் பழைய கைப்பேசியை இரண்டு பிஸ்கட் டின்களின் மேல் நிறுத்தி, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி, அதன் கேமரா மீட்டரின் திரையை நேராகப் பார்க்கும்படி திருப்பிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் பட்டுத் திரை மின்னாமல் இருக்க, ஜன்னலில் அவளுடைய பழைய துப்பட்டா தொங்கியது.

வீட்டின் பின்பக்க அறைதான் அவர்களுடைய பரிசோதனைக்கூடம். பேட்டரி, சார்ஜர் போன்றவற்றைச் சோதித்துச் சான்று கொடுப்பது தொழில். ஆரம்பித்தவர் மாமனார். தெருவில் அவருக்கு ‘மீட்டர் மாமா’ என்றே பெயர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

பேட்டரியின் வோல்ட்டை அளக்கும் அந்த மீட்டருக்கு வயது இருபத்திரண்டு. கம்ப்யூட்டரோடு இணைக்க அதன் முதுகில் ஒரு ஓட்டைகூடக் கிடையாது. திரையில் எண் தெரியும், பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் ஆஸ்பத்திரிக் கருவிகள் செய்யும் கம்பெனி ஒன்று, தங்கள் பேட்டரி எட்டு மணி நேரத்தில் எப்படி இறங்குகிறது என்று நிமிஷத்துக்கு நிமிஷம் விவரம் கேட்டிருந்தது. நாளைக் காலைக்குள் கொடுக்காவிட்டால் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள்.

“நிமிஷத்துக்கு ஒரு போட்டோ மாமா. அதுல இருக்கிற எண்ணைக் கம்ப்யூட்டரே படிச்சு வரிசையா எழுதிடும்.”

“அடேயப்பா! நான் இருபத்திரண்டு வருஷமா மணிக்கு ஒரு தடவை எழுதறேன். ஒண்ணு விட்டுப்போனதா சரித்திரம் இல்ல. இப்போ எனக்கு வேலை சொல்லிக் கொடுக்க பிஸ்கட் டின் வந்திருக்கு!”

“மணிக்கு ஒண்ணு அவங்களுக்குப் போதாதாம் மாமா.”

“சரி, பந்தயம். நீயும் எடு, நானும் எழுதறேன். உன் பக்கம் ஒரே ஒரு எண் விட்டுப்போனாலும் இந்த ஜோடனையெல்லாம் கழட்டிடணும். அப்புறம் இந்த ரூம்ல என் நோட்டு, என் பேனா, அவ்வளவுதான். சம்மதமா?”

பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு இந்த அறையை நம்பி வந்தவள் அவள். தோற்றால் அவர் நோட்டுக்குக் கோடு போட்டுக் கொடுத்தே காலம் போய்விடும். ஆனாலும் “சம்மதம்” என்றாள்.

“மீட்டரைச் சரியா ஒன்பது மணிக்குத்தான் போடணும். எப்பவும் அதுதான் என் பழக்கம்.”

சுவர்க் கடிகாரம் ஒன்பது அடித்தது. திறப்பு விழாவுக்கு வந்த மந்திரி மாதிரி மாமனாரே சுவிட்சைப் போட்டார்.

பத்து அடித்ததும் நோட்டோடு வந்தார். வாசற்படியில் நின்றபடியே எழுதினார்.

“மூக்குக்கண்ணாடி போடலையா மாமா?”

“எதுக்கு? பழகின மீட்டர். முகத்தைப் பார்த்தாலே தெரியும்.”

பதினொன்றுக்கும் அப்படித்தான், பன்னிரண்டுக்கும் அப்படித்தான். மணி அடிப்பதும் பேனா ஓடுவதும் ஒரே நேரத்தில் நடந்தன. எரிச்சலாக இருந்தாலும், மனுஷருடைய ஒழுங்கை அவளால் மெச்சாமல் இருக்க முடியவில்லை.

ஐந்து அடித்தது. கம்ப்யூட்டர் படங்களையெல்லாம் படித்து முடித்தது.

“எத்தனை படம் எடுத்துச்சு உன் டின்?”

“நானூத்தி எண்பது.”

“எத்தனை எண் வந்துச்சு?”

“நானூத்தி எழுபத்திரண்டு.” அவள் குரல் உள்ளே போய்விட்டது.

“இந்தா, இங்க வாயேன்!” என்று மனைவியைக் கூப்பிட்டார். “உன் மருமகளோட பிஸ்கட் டின் எட்டு தடவை தூங்கிடுச்சாம்!”

மாமியார் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

எந்த எட்டு என்று மருமகள் தேடினாள். பத்து மணிக்கு எடுத்த படம், பதினொன்றுக்கு எடுத்தது, பன்னிரண்டுக்கு எடுத்தது. இப்படியே ஐந்து வரை, மணிக்கு ஒன்று.

“உன்கிட்ட இல்லாத அதே எட்டு என்கிட்ட இருக்கு, பாரு!” மாமனார் நோட்டை விரித்துக் காட்டினார். 12.61, 12.48, 12.37 என்று எட்டு எண்களும் முத்து முத்தாக இருந்தன. “ம், கழட்டு.”

ரப்பர் பேண்டில் கை வைத்தவள், மனசு கேட்காமல் அந்த எட்டுப் படங்களையும் ஒரு முறை திறந்து பார்த்தாள். படங்கள் தெளிவாகத்தான் இருந்தன. எண் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு சின்னக் கோடுகள் மட்டும் தெரிந்தன. எட்டிலும் அப்படியே.

“மீட்டர்ல ஏதோ கோளாறு மாதிரி இருக்கு. இதோட விளக்கப் புத்தகம் இருக்கா மாமா?”

“ஏன் இல்லாம? வாங்கினப்போ இருந்த கவர்கூடப் பிரிக்கல.” பீரோவிலிருந்து எடுத்துப் பெருமையாக நீட்டினார். “எனக்கு எதுக்குப் புத்தகம்? தெரியாதவங்க படிச்சுக்கட்டும்.”

அவள் கவரைக் கிழித்துப் புரட்டினாள். பதினாலாம் பக்கத்தில் விரல் நின்றது. ஒரு தடவை மனசுக்குள் படித்துவிட்டு, பிறகு எல்லாரும் கேட்க வாய்விட்டுப் படித்தாள்.

“‘சுவிட்சைப் போட்டதிலிருந்து ஒவ்வொரு மணி நேரம் முடியும்போதும், மீட்டர் ஒரு நிமிஷம் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும். அப்போது திரையில் எந்த எண்ணும் வராது. நான்கு கோடுகள் மட்டுமே தெரியும்.’”

மாமியார் அலமாரியில் அடுக்கியிருந்த இருபத்திரண்டு வருஷ நோட்டுகளைப் பார்த்தாள். பிறகு பிஸ்கட் டின்னோடு கைப்பேசியைக் கணவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

“ஏங்க, இப்போ நீங்க கொஞ்சம் சிரிங்க.”