எருமைக்கு எந்தக் காலிபர்?

"எருமை மாட்டை அடிக்கணும்னா எந்தக் காலிபர் சரியா வரும் பாய்?"

ஜலால் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஆளை ஏற இறங்கப் பார்த்தார்.

அவர் கடையில் இருப்பதெல்லாம் புதிதாகச் செய்த பழசு. கப்பல் தெரியாத டெலஸ்கோப், பாடாத கிராமபோன், சுடாத துப்பாக்கி. துப்பாக்கி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கே.கே. நகர்ப் பணக்காரர்கள். ஹாலில் மாட்டிவிட்டு, "எங்க தாத்தா வேட்டைக்கு வச்சிருந்தது" என்று வருகிறவர்களிடமெல்லாம் அளப்பார்கள். கொசு பேட்டைக் கையில் எடுக்கவே யோசிக்கிற வீரர்கள். காலிபர், அதாவது குழல் அளவு, கேட்டு வந்த முதல் ஆள் இவர்தான்.

பெயர் கருத்தக்கண்ணன். அழகர்கோவில் போகிற வழியில் ஊர். அறுபது வயது. ஆளில் பாதி மீசை.

மேஜையில் இரண்டு லீவர் துப்பாக்கிகள். விசைக்கு அடியில் இருக்கும் வளையத்தைக் கீழே இழுத்து மேலே தள்ளினால் அடுத்த தோட்டா ஏறுகிற, அந்தக் காலத்து வெள்ளைக்காரன் மாடல். ஒன்றில் பாயிண்ட் முப்பது என்று பொறித்திருந்தது, மற்றதில் பாயிண்ட் நாற்பத்தைந்து.

"முப்பது மானுக்குண்ணே. நாப்பத்தஞ்சு காட்டெருமைக்கு. ஆனா ரெண்டுமே சுடாது. குழலை ஈயம் ஊத்தி அடைச்சிருக்கு. நம்பர் சும்மா அழகுக்கு."

"சுடாதுன்னு எனக்குத் தெரியாதா? பாக்குறவனுக்குக் குலை நடுங்கணும். அம்புட்டுதான்."

"என்ன விஷயமா வாங்குறீங்க?"

"பாண்டிராஜ் விஷயமா. பக்கத்து வயக்காரன். எனக்கும் அவனுக்கும் பதினோரு வருஷமா கோர்ட்டுல வரப்புக் கேஸ். இன்னைக்கே வேணும் பாய். நாளைக்குன்னா பிரயோஜனமில்ல."

பின்னால் பார்சல் சுற்றிக்கொண்டிருந்த ஜலாலின் மனைவி சைனப் நிமிர்ந்தாள்.

"என்னங்க, இப்பிடிக் கொஞ்சம் வாங்க."

அலமாரிக்குப் பின்னால் போனதும் பிடித்துக்கொண்டாள். "வித்துராதீங்க. அந்த ஆளு இதை நீட்டி, எதிர்ல நிக்கிறவரு பயத்துல மண்டையைப் போட்டா, போலீஸு முதல்ல உங்களைத்தான் தேடி வரும். டிபன் கேரியரைத் தூக்கிட்டு ஸ்டேஷனுக்கு அலைய எனக்கு முழங்கால் சரியில்ல."

"வந்த ஆளை எப்படிப் போகச் சொல்றது?"

"நீங்க சொல்ல வேணாம். நான் பேசிக்கிறேன்."

"அதான் எனக்குப் பயமே."

திரும்பி வந்தபோது கருத்தக்கண்ணன் நாற்பத்தைந்தைத் தூக்கி, ஒற்றைக் கையால் வளையத்தை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒத்தைக் கையில தாங்குமா பாய்? இன்னொரு கை சும்மா இருக்காது."

"ஏன், இன்னொரு கையில அரிவாளா?" என்றாள் சைனப்.

"ஆமா தாயி. அது ஏற்கெனவே இருக்கு."

ஜலால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சைனப் உட்காரவில்லை.

"அண்ணே, ஒண்ணு செய்வோம். அந்தப் பாண்டிராஜுக்கு போனைப் போடுங்க. யாரு மேல நீட்டப் போறீங்களோ அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தாரோம்."

கோபப்படுவார் என்று பார்த்தால், கருத்தக்கண்ணன் நிதானமாகத் தன் போனை எடுத்தார். "அவன் இப்ப எங்க பேசுவான்? அவன் சம்சாரம் தங்கப்பொண்ணுதான் எடுக்கும்." ஸ்பீக்கரைப் போட்டார்.

முதல் ரிங்கிலேயே எடுத்தாள். "அண்ணே... இப்பத்தான் நெஞ்சு ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போனாக. அஞ்சு மணி நேரம் ஆகுமாம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"அழாத ஆத்தா. கருப்புக்குத் துப்பாக்கி பாத்துட்டேன். சொன்ன மாதிரி அஞ்சு மணி நேரம் முடியுறதுக்குள்ள சாமி கையில குடுத்திருவேன். நீ அந்த வாசலை விட்டு நகராத."

போனை வைத்தார். சைனப்புக்குத் திடீரென்று பார்சல் டேப்பின் நுனி கிடைக்காமல் போனது. நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"நேர்த்திக்கடனாண்ணே?" என்றார் ஜலால். "எல்லாரும் அரிவாள்தானே போடுவாங்க?"

"எங்க ஊர்க் கருப்பு கோயில்ல அரிவா நூறு நட்டு நிக்குது பாய். எமன் அதைப் பாத்துப் பாத்துப் பழகிட்டான். துப்பாக்கின்னா கொஞ்சம் யோசிப்பான்ல? எருமையில வாரவன் அவன். சாமி முதல்ல அந்த எருமையைச் சாச்சிருச்சுன்னா, நடந்துதானே வரணும்? அதுக்குள்ள டாக்டரு தையல் போட்டு முடிச்சிருவாரு."

ஜலால் பாயிண்ட் முப்பதை எடுத்து அலமாரிக்குள் வைத்தார். நாற்பத்தைந்தை மனைவி பக்கம் தள்ளினார்.

அவள் அதைத் துணி போட்டுத் துடைத்தாள். பார்சல் தாளை இரண்டு சுற்றுக்குப் பதில் நான்கு சுற்று சுற்றினாள். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"ஏண்ணே, அவரு போயிட்டா கேஸும் போயிரும், வரப்பும் உங்களுக்கே வந்துரும். இதுல நீங்க எதுக்கு எமன்கூட மல்லுக்கு நிக்கிறீங்க?"

கருத்தக்கண்ணன் பார்சலைத் தோளில் சாத்திக்கொண்டு படியிறங்கினார்.

"கோர்ட்டுக்குப் போக ஊர்லயிருந்து ஒரு பஸ்ஸுதான் தாயி. பதினோரு வருஷமா ரெண்டு பேரும் ஒரே சீட்டுலதான் வாரோம். அவன் இல்லைன்னா, நான் யாரு தோள்ல சாஞ்சு தூங்குறது?"