சர்க்கரை குறையுது

மேனேஜருக்கு டாக்டர்கள் என்றாலே இளக்காரம்.

"தின்னாத, நடன்னு சொல்ல ஒரு படிப்பா? அபூர்வச் சர்க்கரைன்னு ஒண்ணு வந்திருக்குய்யா. சாப்பாட்டோட சேத்துக்கிட்டா ரத்தத்துல ஏறுற சர்க்கரைய அமுக்கிடும்."

"அத நம்பி சர்க்கரை மாத்திரைய விடலாமா சார்?" என்றார் கிளார்க்.

"உன் மூளைக்கு இதெல்லாம் எட்டாது. எங்க அண்ணனுக்கு ஒரு டப்பா கொடுத்திருக்கேன். கேளு!"

அண்ணிக்கு போன் போட்டு ஸ்பீக்கரைத் தட்டினார். அண்ணி பேக்கரிக்காரி. எதையும் அளந்துதான் பேசுவாள்.

"சர்க்கரை குறையுதா அண்ணி?"

"நல்லா குறையுது தம்பி. போன வாரம் நானூறு. இன்னைக்குப் பாத்தேன், நூத்தம்பதுதான்."

"கேட்டுக்கிட்டியாடா, மேதாவி?"

அன்றே தன் மாத்திரைகளைக் குப்பைக்கூடையில் வீசினார். கேன்டீன் கேக்கை வெளுத்துக் கட்டினார். நடைப்பயிற்சிக்காரர்களைக் கண்டால், "பொதி இல்லாத கழுதைங்க" என்று சிரித்தார்.

அடுத்த ஞாயிறு அண்ணி வீட்டில் போய் உட்கார்ந்தார்.

"இப்ப எவ்வளவு அண்ணி?"

"சுத்தமா தீந்துடுச்சு தம்பி." காலி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள். "நானூறு கிராமும் கடை கேக்குக்கே போயிடுச்சு."

"ஐயோ, நான் கேட்டது அண்ணன் ரத்தத்துல!"

"அவரு இத எங்க தொட்டாரு? மாத்திரை போட்டுட்டு, இதோ, நடக்கப் போயிருக்காரு."

மேனேஜருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு வாரமாகவே அப்படித்தான்.

"கொஞ்சம் தண்ணி அண்ணி..."

"வந்ததுலேர்ந்து இது நாலாவது சொம்பு தம்பி," என்றாள் அண்ணி. "உங்க சர்க்கரைய என்னைக்குப் பாத்தீங்க?"